மூன்று வோல்ட் கல்யாணம்

“மூணு வோல்ட் பேட்டரியில ஒரு கல்யாணத்தையே நடத்தி வெச்சவன்யா நான்!”

சபாபதி இதைச் சொல்லும்போதெல்லாம், அவர் மனைவி இராஜம்மா அடுப்படியிலிருந்தே பதில் கொடுப்பாள்: “புளுகு.”

பிரிக்பீல்ட்ஸில் இந்தக் கதையைக் கேட்காத காக்கை கிடையாது.

நடந்தது எண்பத்திரண்டில். மகள் ரமணி பாலர் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்காக அவள் வாங்கிய வினா விடைப் பெட்டி மேசைமேல் இருந்தது. ஓட்டை போட்ட அட்டையில் இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை. இரண்டு வயர் முனைகளையும் சரியான ஜோடியில் வைத்தால் பல்பு எரியும்.

வீட்டிலோ மாப்பிள்ளைச் சண்டை.

“கிள்ளான்ல லோரி வெச்சிருக்கானே எங்கண்ணன் மகன், அவனுக்கென்ன குறைச்சல்?” என்றாள் இராஜம்மா.

“ரவாங் பேக்டரி சூப்பர்வைசருக்கு என்ன குறைச்சல்?”

ரமணி இருவருக்கும் முகம் கொடுக்கவில்லை.

“பல்பையே கேட்டுருவோம்,” என்றார் சபாபதி. ரயில்வே சிக்னலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல்பு சொன்னால் சிங்கப்பூர் மெயிலே நிற்கும், மாப்பிள்ளை எம்மாத்திரம்?

புது அட்டையில் இடப்பக்கம் ரமணி, வலப்பக்கம் இரண்டு மாப்பிள்ளைகள். பல்பு கிள்ளானுக்கு எரிந்தது.

“பாத்தீங்களா!”

“அட்டை கோணல்.” பெயர்களை இடம் மாற்றி எழுதினார். இப்போது ரவாங்குக்கு எரிந்தது.

“களவாணித்தனம்! உள்ள வயர் எங்க போகுதோ அங்கதான் எரியும். தைரியமிருந்தா பிரிச்சுக் காட்டுங்க!”

பிரித்தார். உள்ளே இடியாப்பம் மாதிரி வயர். ஒன்றை இழுத்தார், பல்பு யாருக்குமே எரியவில்லை. திரும்ப ஒட்டினார், இருவருக்கும் எரிந்தது.

“ஒரு பொண்ணுக்கு ரெண்டு மாப்பிள்ளையா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள் இராஜம்மா.

“நாளைக்கு கிளாசுக்கு வேணும்ப்பா!” ரமணிக்கு அழுகையே வந்துவிட்டது.

“ரேடியோக் கடை பக்கிரிசாமியக் கூப்பிடுங்க லா,” என்றாள் இராஜம்மா.

பக்கிரிசாமி வந்தான். இராஜம்மா கொடுத்த டீயைக் குடித்தான். இராஜம்மா கொடுத்த டீயைக் குடித்தான். போய்விட்டான்.

சபாபதி வயரை வைத்துப் பார்த்தார். கிள்ளான் இருட்டு. ரவாங் இருட்டு. அதற்கும் கீழே, மூன்றாவது ஓட்டையில் ஜெகஜோதியாக எரிந்தது.

“அங்க பேரே இல்லையே?”

ரமணி பென்சிலை எடுத்து, ஓட்டைக்குப் பக்கத்தில் ‘பக்கிரிசாமி’ என்று எழுதினாள். தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.

சபாபதி பல்பைப் பார்த்தார். அது சிமிட்டக்கூட இல்லை. முப்பது வருட சிக்னல்காரர் விளக்கை மீறுவாரா? மூன்றாம் மாதம் கோயிலில் தாலி ஏறியது.

இந்தத் தீபாவளிக்கு வந்த விருந்தாளிகளிடம் கதையை முடித்துவிட்டு, வழக்கமான ‘புளுகு’க்காக அடுப்படிப் பக்கம் திரும்பினார். இராஜம்மா முறுக்குத் தட்டோடு வெளியே வந்தாள்.

“நடந்தது நெசந்தான். ரமணி மனசுல இருந்த பக்கிரிசாமிய நானே சொல்லியிருந்தா இவரு வேணாம்னுதான் நிப்பாரு. அதான் எங்கண்ணன் மகனை இழுத்துப் பெட்டியப் பிரிக்க வெச்சேன், டீ குடுக்கறப்ப ‘மூணாவது ஓட்டையில வயரை வைப்பா’ன்னு அவன் காதுலயும் சொல்லி வெச்சேன்.”