மெங் கிச்சோல் போட்ட பூட்டு

சனிக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் அத்தனை பேரும் உட்கார்ந்த பிறகு, மெங் கிச்சோல் எழுந்து நின்றார்.

"இன்னையிலேருந்து இந்த வீட்ல போனுக்குச் சட்டம் உண்டு!"

"உக்காந்து சொல்லுங்க. குழம்பு ஆறுது" என்றாள் அவர் மனைவி உன்சில்.

கிச்சோல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பாதி வேகம் போய்விட்டது. இருந்தாலும் விடவில்லை. மனிதர் அடிபட்டிருந்தார், அதுவும் ஆபீஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க.

நடந்தது இதுதான். கிச்சோல் புச்சோன் நகரத்தில், குளியலறை ஓடு விற்கும் கம்பெனி ஒன்றில் உதவி மேலாளர். முந்தின நாள் சாயங்காலம் கம்பெனி இயக்குநரின் மாமியார் காலமாகிவிட்டார். செய்தி கம்பெனி அரட்டைக் குழுவில் வந்தது. ஒவ்வொருவரும் ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல் என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தார்கள். கிச்சோலின் முறை வந்தபோது, கிச்சோலின் போன் ஆறு வயது மகன் ஹான்சோலின் கையில் இருந்தது. இரங்கல்களுக்கு நடுவே ஒரு முயல் வந்து நின்று, இடுப்பை ஆட்டி ஆட்டி ஆடியது.

அதற்கு இயக்குநர் ஒரு புள்ளி மட்டும் அனுப்பினார். அந்தப் புள்ளியின் அர்த்தம் என்ன என்று யோசித்து யோசித்தே கிச்சோலுக்கு ராத்திரி தூக்கம் போயிற்று.

"போனை அவன்கிட்ட குடுத்தது யாரு?" என்றாள் உன்சில்.

"கடனாத்தானே குடுத்தேன்! தானமாவா குடுத்தேன்?"

"என் போனை மட்டும் ஏன் யாரும் கடன் கேக்க மாட்டேங்கிறாங்க?"

"ஏன்?"

"கேட்டுப் பாக்கச் சொல்லுங்களேன்."

மகள் நாரேவும் ஹான்சோலும் தங்கள் சோற்றுக் கிண்ணத்தை மிகுந்த ஈடுபாட்டோடு பார்த்தார்கள்.

"நான் ஒண்ணும் உன்னை மாதிரி கொடுமைக்காரன் இல்ல, நாரே அம்மா. போன் குடுப்பேன். ஆனா அதுல எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, எத்தனை மணிக்குத் தொடலாம், எல்லாம் நான் சொல்றதுதான். மத்ததெல்லாம் பூட்டு! அந்த வசதி போன்லயே இருக்காம்."

"எங்க இருக்கு?"

கிச்சோல் போனை எடுத்துத் தேடினார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். குழம்பு நன்றாகவே ஆறியது. கடைசியில் நான்காம் வகுப்புப் படிக்கும் நாரே பொறுக்க முடியாமல் எட்டிப் பார்த்து, "இங்க இருக்குப்பா" என்று ஒரே தட்டலில் எடுத்துக் கொடுத்தாள். தன்னைப் பூட்டப்போகும் பூட்டை எடுத்துக் கொடுக்கிறோமே என்ற வருத்தம் அவள் முகத்தில் துளியும் இல்லை. கிச்சோல் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஓவியம் வரைவதும் ஆங்கிலம் சொல்லித்தரும் வாத்தும் மட்டும் திறந்திருந்தன. அரட்டை, விளையாட்டு, படம், கடை எல்லாவற்றுக்கும் கதவடைப்பு. திறக்க வேண்டுமானால் ரகசிய எண் வேண்டும். கிச்சோல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று எண்ணைப் பதித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனார். திரும்பி வரும்போது ஹான்சோல் கார் ஓட்டிக்கொண்டிருந்தான், போனில்.

"எப்படிடா திறந்தே?"

"உங்க பொறந்த நாள்ப்பா."

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

"கேக் வெட்டினோமே!"

ஞாயிற்றுக்கிழமை எண்ணை மாற்றினார். நாரே பல் தேய்த்துக்கொண்டே அதைத் திறந்துவிட்டாள். "நம்ம வீட்டுக் கதவோட நம்பரையே வச்சிருக்கீங்களேப்பா. ஸ்கூல் விட்டு வந்து தினமும் நான்தானே அழுத்துறேன்?"

"வேற யோசிங்க" என்று உள்ளேயிருந்து உன்சிலின் குரல் வந்தது. "வங்கிக்கும் அந்த நம்பர்தானே?"

வங்கிக்கும் அந்த நம்பர்தான்.

அந்த நேரம் பார்த்துச் சொந்த ஊரான மோக்போவிலிருந்து அவர் அம்மா கூப்பிட்டார். அறுவடைத் திருநாளான சூசோக் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. நாட்டில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்புகிற நேரம். "வந்தா வாங்க, வராட்டியும் பரவால்லப்பா. கூட்டத்துல பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு எதுக்கு அலையணும்?" என்றார் அம்மா.

போனை வைத்த கிச்சோலுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா நாரே அம்மா? ஏங்கிப் போயிருக்காங்க. குரல்லயே தெரியுது."

"எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு."

"உனக்கு எப்படிக் கேக்கும்? பெத்த மனசு."

உன்சில் காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "நாரே அப்பா, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இந்த வருஷம் உங்க அண்ணன் குடும்பம் தாய்லாந்துக்குப் போகுது. உங்க அண்ணி இல்ல. சோங்பியோன் கொழுக்கட்டை பிடிக்கிறது, மீனு, பூசணிக்கா, காளான் எல்லாத்தையும் மாவுல முக்கி முக்கிப் பொரிக்கிறது, முன்னோருக்குப் படையல் வெக்கிறது, எல்லாம் நான் ஒருத்தி. நீங்க பக்கத்து ரூம்ல படுத்துக்கிட்டு, உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குனு குரல் குடுப்பீங்க. ஒரே ஒரு வருஷம் நம்ம வீட்டுலயே காலை நீட்டி உக்காந்தா என்ன?"

இதற்கு நேராகப் பதில் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று கிச்சோலுக்குத் தெரியும். அதனால் பெருந்தன்மையாகப் பேசினார்.

"இதுல நான் என்ன பண்ண முடியும்? கார்ல போறதில்லனு போன வருஷமே முடிவாயிடுச்சு. ஹான்சோல் வழியெல்லாம் வாந்தி. ரயில் டிக்கெட் கிடைச்சா போறோம், கிடைக்கலேன்னா இல்ல. விதி விட்ட வழி."

"கிடைக்கலேன்னா இல்லதானே?"

"பேச்சே இல்ல."

"அப்புறம் மாத்திப் பேச மாட்டீங்களே?"

"மெங் கிச்சோல் ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்."

உன்சில் கத்தியை எடுத்துக்கொண்டு முள்ளங்கிக்குத் திரும்பினாள். கிச்சோல் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். அவர் ஏன் சிரிக்க மாட்டார்? பண்டிகை டிக்கெட் விற்பனை செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் போனில் திறக்கும். நாடே ஒரே நேரத்தில் விரலை வைக்கும். கண்ணிமைப்பதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை கிச்சோலுக்கு டிக்கெட் கிடைக்காத வருஷமே கிடையாது. வேறு எதில் எப்படியோ, அந்த ஒரு விஷயத்தில் அவர் கட்டைவிரல் மன்னன். சமையலறை நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு மாதம் முன்பே சிவப்பு வட்டம் போட்டு வைத்திருந்தார்.

திங்கட்கிழமை ராத்திரி மூன்றாவது எண்ணும் போயிற்று. இது யாருடைய பிறந்தநாளும் இல்லை, எந்தக் கதவும் இல்லை. மண்டையைக் கசக்கிக் கண்டுபிடித்த எண். ஆனால் பதிக்கும்போது கிச்சோலின் உதடு ஒவ்வொரு இலக்கத்தையும் முணுமுணுத்தது. ஹான்சோல் அவர் முகத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடியாது! விட மாட்டேன்!" என்று கிச்சோல் வீட்டைச் சுற்றி வந்தார். "இந்தப் பூட்டு நிக்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது."

இரண்டு கிண்ணம் இறங்கியிருந்ததை உன்சில் நினைவுபடுத்தவில்லை. மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சட்டம் நல்ல சட்டம்தாங்க. நம்பர் வெக்கிற ஆளுதான் சரியில்ல."

"என்னது?"

"உங்க மூஞ்சியில எல்லாம் எழுதி ஒட்டியிருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சா, அது நாரேவுக்கும் தெரிஞ்ச மாதிரி. நான் வெக்கிறேன் நம்பரு. உங்ககிட்டயே சொல்ல மாட்டேன்."

கிச்சோல் யோசித்தார். இதில் பெரிய நியாயம் இருப்பதாகப் பட்டது. "அதான் சரி! நம்பர் உன்கிட்ட, நேரம் என்கிட்ட. ராத்திரி ஒன்பது மணியிலேருந்து காலையில எழுந்திரிக்கிற வரைக்கும் எல்லாத்தையும் பூட்டுறேன். போன் பேசலாம், அவ்வளவுதான். வாத்துக்கூடத் தூங்கட்டும்."

"எழுந்திரிக்கிற வரைக்கும் போதுமா? காலையில உங்க தலையணைக்கு அடியிலேருந்து எடுத்துக்கிட்டு ரெண்டும் போர்வைக்குள்ள பூந்துக்குது. ஸ்கூல் கிளம்புறதே எட்டு மணிக்கு."

"அப்ப எட்டு மணி வரைக்கும்!" கிச்சோல் தம் கையாலேயே எட்டு என்று பதித்தார். அந்தக் கட்டைவிரலுக்கு அப்போது என்ன வந்ததோ தெரியவில்லை.

"உங்களுக்கும் சேத்துத்தாங்க பூட்டும். பரவால்லையா?"

"சட்டம்னா அப்பனுக்கும் சட்டம்தான்!" என்றார். பிள்ளைகளுக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னார். உன்சில் போனை வாங்கி, முகம் மாறாமல், உதடு அசையாமல், எண்ணைப் பதித்தாள். அன்று ராத்திரி நாரேவும் ஹான்சோலும் மாறி மாறி முயன்று தோற்றுப் படுக்கப் போனார்கள். கிச்சோல் வெற்றி வீரனைப் போலக் குறட்டை விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் எழுந்து முகம் கழுவி, விரல்களை நெட்டி முறித்து, மேசை முன் அமர்ந்தார். எதிரே நாட்காட்டி. சிவப்பு வட்டம். போனை எடுத்து ரயில் டிக்கெட் படத்தைத் தொட்டார்.

திரையில் ஒரு வாத்து கண்ணை மூடிக்கொண்டு தூங்கியது. கீழே எழுதியிருந்தது: 'உறங்கும் நேரம், செல்லமே! பெரியவர்களிடம் கேளுங்கள்.'

"நாரே அம்மா!" என்று அலறினார்.

நாரே கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "அம்மா நீச்சல் கிளாஸுக்குப் போயாச்சுப்பா. செவ்வாயும் வியாழனும் விடியறதுக்கு முன்னாடியே போவாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும். கூப்பிட்டார். அவள் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. உடை மாற்றும் அறையின் பெட்டிக்குள் அடித்துக்கொண்டிருக்கும். நாரேவின் பிறந்தநாளைப் போட்டுப் பார்த்தார். ஹான்சோல், உன்சில், அம்மா, செத்துப்போன அப்பா, ஒருத்தரையும் விடவில்லை. 'சற்று நேரம் கழித்து முயலவும், செல்லமே' என்றது வாத்து.

வீட்டுக் கணினி பிள்ளைகள் அதில் பால் ஊற்றிய நாளிலிருந்து பரண்மேல் கிடக்கிறது. இரவு உடையோடும் செருப்போடும் தெருமுனைக் கணினி விளையாட்டுக் கடைக்கு ஓடினார். அங்கே ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. அவரைப் போலவே தலை கலைந்த கணவன்மார்கள் வரிசையாக உட்கார்ந்து, விரலைத் தயாராக வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூடத் திரும்பவில்லை.

நீச்சல் குளம் அடுத்த தெருவில். கண்ணாடிச் சுவரில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். தண்ணீருக்குள் ஒரு கூட்டம் பெண்கள். எல்லோர் தலையிலும் அதே ஊதா நிறத் தொப்பி, எல்லோர் கண்ணிலும் அதே கறுப்புக் கண்ணாடி. கட்டின மனைவி எது என்று தெரியாமல் கிச்சோல் கண்ணாடியைத் தட்டினார். போனைத் தூக்கிக் காட்டினார். "நம்பர்! நம்பர்!" என்று வாயை அகல அகலத் திறந்தார். அத்தனை தொப்பிகளும் திரும்பின. ஒன்று மட்டும் கையை உயர்த்தி, அன்போடு ஆட்டியது. மற்றவர்களும் சேர்ந்து ஆட்டினார்கள். பிறகு முதல் தொப்பி மல்லாந்து படுத்து, நிதானமாகக் காலை அடித்துக்கொண்டு, குளத்தின் அந்தக் கரைக்குப் போய்விட்டது.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழைத் தாண்டியது. கிச்சோலுக்கு அழுகையே வந்தது. நாட்டில் உள்ள அத்தனை கட்டைவிரல்களும் வேலை செய்ய, தம் கட்டைவிரல் மட்டும் சும்மா நிற்கிறதே என்று நிஜமாகவே நெஞ்சு வலித்தது.

ஈரத் தலையோடு, வாழைப்பழப் பால் குடித்துக்கொண்டு உன்சில் வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"என்னங்க இது, ராத்திரி டிரஸ்ஸோடயே வந்துட்டீங்க? பிள்ளைங்களுக்கு ஏதாவதா?"

"நம்பர் சொல்லு."

"இன்னும் எட்டாகலையே."

"நாரே அம்மா!"

"சட்டம்னா அப்பனுக்கும்தான்னு யாரு சொன்னது? சரி, சரி, முறைக்காதீங்க. இன்னைக்குத் தேதிதாங்க."

"எது?"

"இன்னைக்குத் தேதி. ஒரு மாசமா நம்ம சமையக்கட்டுச் செவுத்துல தொங்குது. செவப்பு வட்டம்கூடப் போட்டிருக்கு."

கிச்சோல் அதைப் பதித்தார். திறந்தது. மோக்போ போகும் ரயில்கள் எல்லாவற்றுக்கும் நேரே 'விற்றுத் தீர்ந்தது' என்று வரிசையாக நின்றது. அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி பாலை உறிஞ்சிக்கொண்டே, "கிடைக்கலேன்னா இல்லதானே?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குச் செய்தி எழுத உட்கார்ந்தார். உடைந்துபோன மனசோடு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். 'அம்மா, எவ்வளவோ முயன்றேன். டிக்கெட் கிடைக்கவில்லை. இந்தப் பண்டிகைக்கு உங்களைத் தனியாக விட்டுவிட்டேன். சமைக்க ஆளில்லை, சாப்பிடவும் ஆளில்லை. இந்தப் பாவி மகனை மன்னித்துவிடுங்கள்.'

அனுப்பி முடித்துக் கண்ணைத் துடைத்து நிமிர்வதற்குள் பதில் வந்துவிட்டது. போனில் ஒரு முயல் இடுப்பை ஆட்டி ஆட்டி ஆடியது.

"ஹான்சோல்!" என்று கத்தினார் கிச்சோல்.

சோற்றுக் கிண்ணத்திலிருந்து இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக் காட்டினான் பிள்ளை.

"நான் இல்லப்பா! இது பாட்டி."