ஒன்பது செந்நாய்களும் ஒரு பாரஸ்டரும்

கல்யாணத்துக்கு முன்பு நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் திருடியிருக்கிறேன். அதுவும் மனிதர்களிடம் இல்லை, ஒன்பது செந்நாய்களிடம். (மனிதர்களிடம் திருடும் தைரியம் எனக்கு அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது.) செந்நாய் போலீஸ் ஸ்டேஷனுக்கா போகப்போகிறது என்று நினைத்தேன். ஸ்டேஷனுக்குப் போகவில்லைதான். நேராக என் வருங்கால மாமனாரிடம் வந்துவிட்டன.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. கிளென்மார்கன் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பாக்டரியில் நான் உதவி டீ மேக்கர். சொந்த ஊர் அன்னூர். வயது இருபத்தாறு. அந்த வயதில் எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் எதுவுமில்லை என்பது என் அபிப்பிராயம். பெண் பார்த்தாகிவிட்டது. பர்லியாரில் காட்டு இலாகா பாரஸ்டராக இருந்த ரங்கசாமி என்பவரின் மகள் சரோஜா. ஜாதகம் பொருந்தியது, எனக்குப் பிடித்தது, அவளுக்கும் பிடித்ததாக தரகர் சொன்னார். பாரஸ்டர் மட்டும் தரகரிடம் ஒன்று சொன்னார்.

"மாப்ள பையன் மலை மேல எங்கியோ காட்டுக்குள்ள இருக்கறாப்லயாமா. என்ற புள்ளையக் கொண்டுபோயி உடற ஊட்ட நான் ஒருக்கா பாத்துப்போடறனுங்க."

நியாயம்தான். ஆனால் ஆனி முடிய எட்டு நாள்தான் இருந்தது. ஆடி பிறந்தால் பேச்சே கிடையாது, ஆவணிவரை காத்திருக்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் அரிசி மண்டி வைத்திருந்த ஒரு பையனுடைய ஜாதகமும் அவர்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இருப்பதாகத் தரகர் என் காதில் போட்டுவிட்டுப் போனார். மண்டிக்கு எதிரில் என் இரண்டு அறைத் தகரக் கூரைக் குவார்ட்டர்ஸ் எம்மாத்திரம்? ஆக, வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் திருப்தியாகத் திரும்பிப் போனால் சரோஜா எனக்கு. இல்லாவிட்டால் அரிசி மண்டிக்கு.

தரகர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். பாரஸ்டருக்குக் கறி இல்லாமல் சோறு இறங்காது. நானும் பதில் கடிதத்தில், 'ஞாயிறு மதியம் கறிச்சோறு எங்கள் வீட்டில்தான்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தேன். பைக்காராவிலிருந்து ஞாயிறுதோறும் ஒருவர் ஆட்டுக்கறி கொண்டுவருவார். அன்று காலை ஏழு மணிக்கு வெறுங்கையோடு வந்தார். வெட்ட வைத்திருந்த ஆட்டைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். கோழி பிடிக்கலாம் என்று தொழிலாளர் வீடுகள் இருந்த லைன் முழுக்க அலைந்தேன். மழைக்காலச் சீக்கில் கோழிகளெல்லாம் போன வாரமே போய்ச் சேர்ந்திருந்தன.

அந்த நேரத்தில்தான் வாட்சர் போஜண்ணன் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார். முப்பது வருடமாக அந்த எஸ்டேட்டின் காட்டோரத்தைக் காவல் காத்தவர்.

"பம்ப் ஹவுஸ் ஓடையில செந்நாய் கடமான அடிச்சிருக்குதுங்க. இப்பத்தான், சூடு ஆறல."

செந்நாயைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓநாய்க்குத் தம்பி முறை. செம்மண் நிறம், கறுத்த புசுபுசு வால். குரைக்காது, சீட்டி அடிக்கும். கூட்டமாகப் பட்டப்பகலில் வேட்டையாடும். சில வருடங்களுக்கு முன்புவரை எங்கள் மலையில் வேட்டைக்கு சீசன் உண்டு. எந்த மாதத்தில் எதைச் சுடலாம், எத்தனை சுடலாம் என்று லைசென்ஸில் எழுதித் தருவார்கள். செந்நாய்க்கு மட்டும் சீசனே இல்லை, வருடம் பூராவும் சுடலாம். வாலைக் கொண்டுபோய்க் காட்டினால் பரிசு வேறு. தொரைமார் சுட வேண்டிய மானை அது தின்கிறது என்பதுதான் அதன்மேல் இருந்த குற்றம். பிறகு புதுச் சட்டம் வந்தது. தொரைமார், நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் எல்லோருக்கும் சீசன் ஒரேயடியாக மூடியாயிற்று. தானே வேட்டையாடும் செந்நாய்க்கு மட்டும் திறந்தே இருந்தது.

சட்டம் என்னதான் சொன்னாலும், செந்நாய் அடித்ததில் ஒரு பங்கு எடுத்து வருவது காட்டோரத்தில் பழைய பழக்கம். நானும் இரண்டொரு முறை அந்தக் குழம்பைத் தின்றிருக்கிறேன். அன்று அதையே பாரஸ்டருக்கு ஆட்டுக்கறி என்று போட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. காட்டு மிருகத்தின் கறியை, காட்டு இலாகா அதிகாரிக்கு. வினாச காலே விபரீத புத்தி என்பார்கள். எனக்கு அந்தக் காலம் காலை ஏழரை மணிக்கே பிறந்துவிட்டது.

ஓடைக்குப் போனோம். மழைத் தூறல், மூட்டம். நாங்கள் கைதட்டிக்கொண்டு போனதும் ஒன்பது செந்நாய்களும் கடமானை விட்டு விலகி, புதரோரம் போய் நின்று எங்களைப் பார்த்தன. சண்டைக்கு வரவில்லை. போஜண்ணன் கத்தியை எடுத்து முன்னங்கால் ஒன்றைக் காட்டினார்.

"நம்ம பங்கு இதுதானுங்க. மிச்சம் அதுகளுது. தோள்ல வெச்சுத் தூக்கிப் போயிரோணும், தரையில இழுக்கக்கூடாது. இழுத்தா பின்னாலயே வரும்."

"முன்னங்கால்ல எலும்புதான் இருக்கும். பின்னந்தொடைய எடுங்க."

"அது அதுகளுதுங்க."

"பேர் எழுதி வெச்சிருக்குதா?" என்றேன் நான். (அந்த வயதில் இதை நகைச்சுவை என்று நினைத்தேன்.)

அவர் கத்தியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டிப் பின்னந்தொடை ஒன்றை அறுத்தேன். ஒரு வளர்ந்த கடமானின் தொடை என்ன எடை இருக்கும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. தோளில் வைத்தால் சட்டை கறையாகும். அதுவோ பெண்வீட்டாருக்காகவே தைத்த டெரிலின் சட்டை. (கசாப்பு வேலைக்கு அதைப் போட்டுக்கொண்டு போனவனைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரிதான்.) அதனால் கயிறு கட்டி, தேயிலைப் பாதை வழியாக அரை மைல் என் வீட்டுவாசல்வரை தரதரவென்று இழுத்தே வந்தேன்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் செல்லம்மாக்கா சிலோனிலிருந்து வந்தவர். சமைத்துத் தருவதாக ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தார். கறியைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இத ஆட்டுக்கறின்னு சொன்னா ஆடே நம்பாது."

"மிளகைத் தூக்கலாப் போடுங்கக்கா."

"மொளகு போட்டா நெறம் போயிருமா? நல்லா மாட்டிக்கிறப் போறீங்க." ஆனாலும் ஆக்கிக் கொடுத்தார். வெட்டியது போக மிச்சத் தொடையைக் கழுவி, சமையல்கட்டில் சாக்குப் போட்டு மூடி வைத்தேன்.

பதினொன்றரை பஸ்ஸில் பாரஸ்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். கையில் பர்லியார் மங்குஸ்தான் பழம் ஒரு கூடை. அந்த அம்மா அடுப்பைப் பார்த்தார், புகைபோக்கியைப் பார்த்தார், விறகு ஈரமா என்று தொட்டும் பார்த்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது. பாரஸ்டர் உயரமான, அதிகம் பேசாத மனிதர். வாசலிலேயே சற்று நேரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பு சேறாகிவிட்டதோ என்று நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். பாரஸ்டர் ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றார். இரண்டாவது துண்டையும் மென்றார்.

"ஆடு எங்கீங்க வாங்குனது?"

"பைக்காராவுலீங்க."

"கொஞ்சம் வயசான ஆடுங்களா?"

"ஆமாங்க, கொஞ்சம்… பெரியவருங்க." பதற்றத்தில் ஆட்டுக்கு மரியாதை கொடுத்துவிட்டேன்.

"கொம்பு இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க. சின்னதாத்தானுங்க, ரெண்டு கிளை."

ஆட்டுக் கொம்புக்குக் கிளை கிடையாது என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அவர் சோற்றைப் பிசைந்தார். அப்போதுதான் வெளியிலிருந்து ஒரு மெல்லிய சீட்டிச் சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று. கைகழுவ எழுந்த அந்த அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இங்க நாயி நெறைய வளத்தறாங்களாட்டம் இருக்குதுங்க. எல்லாம் ஒரே மாரி செவப்பு. எத்தன லட்சணமா உக்காந்திருக்குது பாருங்க."

பாரஸ்டர் எச்சில் கையோடு எழுந்து ஜன்னலுக்குப் போனார். நானும் பின்னால் நின்று பார்த்தேன். எதிரில் தேயிலை மேட்டில், பாதையோரமாக, ஒன்பதும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பந்திக்கு இடம் கிடைக்காமல் அடுத்த பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி இருந்தது. மேட்டிலிருந்து என் வாசற்படிவரை இழுத்த தடம் சேற்றில் வாய்க்கால் வெட்டியதுபோல் கிடந்தது. வந்ததும் அவர் பார்த்தது செருப்பை அல்ல என்று அப்போதுதான் புரிந்தது.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். மிச்சக் கறித்துண்டுகளைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவி, துண்டில் துடைத்தார்.

"தம்பி, மிச்சம் எங்கீங்க?"

பொய் எதுவும் கைவசம் இல்லை. சமையல்கட்டைக் காட்டினேன்.

"எடுங்க. தோள்ல வெச்சுக்கோங்க. எங்க எடுத்தீங்களோ அங்கயே வெச்சுப்போட்டு வந்தரலாம்."

டெரிலின் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, தோளில் கடமான் தொடை. இந்தக் கோலத்தில் நான் முன்னால் நடக்க, பாரஸ்டர் குடை பிடித்துப் பின்னால் வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் லைன் முழுக்க வீட்டில் இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் நின்ற ஒரு பெண், "என்னங்கய்யா, மாப்பிள்ள ஊர்வலம் இன்னிக்கேவா?" என்று கேட்டாள். சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. இரண்டு பக்கமும் தேயிலைக்குள் சலசலவென்று ஒன்பதும் கூடவே வந்தன. போஜண்ணனும் வழியில் நின்றார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்தது. சரோஜா போய்விட்டாள் என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. அவள் காப்பித் தம்ளரை நீட்டியபோது நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாளே, அது மட்டும்தான் நினைவில் ஓடியது. வேலையும் போகும், ஜெயிலும் உண்டு. அதெல்லாம்கூட அப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

"கேசு எழுதுவீங்களாங்க?" என்றேன் திரும்பாமல்.

"எழுதோணும். சாட்சி ஒம்பது பேரும் கூடவே வர்றாங்க." குடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "ஆனா ரெண்டு துண்டு என்ற வயித்துல இருக்குதுங்களே. மொதக் குத்தவாளி நீங்க, ரெண்டாவது நான். அத எப்புடி எழுதறதுன்னுதான் ரோசன பண்ணிட்டு வாறேன்."

ஓடையில் தொடையை இறக்கி வைத்தேன். நாங்கள் இருபது அடி விலகியதும் செந்நாய்கள் இறங்கி வந்தன. அவர் குடைக்கடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சாறு வருசத்துக்கு முந்தி இதுகள சுட்டு வாலக் கொண்டாருவாங்க. எண்ணி வாங்கி வெச்சது இந்தக் கைதானுங்க. இன்னிக்கு இதுகளக் காப்பாத்தறதும் இதே கைதான். சட்டந்தான் மாறுச்சு. இதுக அன்னிக்கும் திருடுல, இன்னிக்கும் திருடுல."

மூன்று மணி பஸ்ஸில் போய்விட்டார்கள். அந்த அம்மா மட்டும், நாய்களுக்குச் சோறு வைக்க மறந்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் தரகரின் தபால் கார்டு வந்தது. பிரிக்கவே தேவையில்லாத கார்டை ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்திருந்தேன். பிறகு படித்தேன். 'வீடு சவுகரியம்தான் என்றார். பையனுக்கு ஒரு பொய் சொன்னால் நாலு இடத்தில் ஒழுகுகிறது, இவனிடம் பெண்ணைக் கொடுத்தால் அவளிடம் எதையும் மறைக்க முடியாது என்று சொல்லிச் சிரித்தார். வெள்ளிக்கிழமை நிச்சயம்.' கார்டை எடுத்துக்கொண்டு பாக்டரிக்கு ஓடி, இலை உலர்த்தும் மாடியில் யாருமில்லாத இடமாகப் பார்த்து ஒரு ஆட்டம் ஆடினேன்.

ஆவணியில் கல்யாணம். அதன் பிறகு பர்லியாரில் விருந்து. மாமியார் என் இலையில் நல்ல நல்லி எலும்பாகப் பார்த்து வைத்தார். கையை நீட்டினேன். பின்னாலிருந்து மாமனாரின் கை வந்து அதை எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தது.

"இது அவிங்க பங்குங்க, மாப்ள."

பந்தியே சிரித்தது. செந்நாய்க் கதை எனக்கு முன்பே பர்லியார் வந்து சேர்ந்திருந்தது. அன்று தொடங்கியதை அவர் விடவே இல்லை. தீபாவளி, நோம்பி, காதுகுத்து என்று எந்த விருந்தானாலும் என் இலையில் விழும் முதல் நல்லி ஓரத்துக்குப் போய்விடும். கடைசியில் அதைச் சாப்பிட்டது யார் என்றால், பெரும்பாலும் அவர்தான். இருபத்தைந்து வருடம் இதே கூத்து. நானும் ஒவ்வொரு முறையும் எரிச்சல் பட்டேன்.

அவர் காலமான பிறகு வந்த முதல் தீபாவளிக்கு எல்லோரும் உட்கார்ந்தோம். சரோஜா என் இலையில் நல்லியை வைத்தாள். யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் குனிந்து சாப்பிட்டார்கள். நான் அதைக் கையில் எடுத்தேன். வாயருகில் கொண்டுபோக முடியவில்லை. அவர் இல்லையே என்று அப்போதுதான் முழுதாக உறைத்தது. கூடத்து மூலையில் கட்டிலில் கிடந்த மாமியாருக்கு அந்தச் சமயம் கண் சரியாகத் தெரியாது. ஆனாலும் குரல் வந்தது.

"ஏம்புள்ள சரோசா, மாப்ள எலையில அவிங்க பங்க எடுத்து வெச்சயா?"

சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்ததைப் பிடுங்கி ஓரத்தில் வைத்தாள். பிறகு சிறிது நேரம் கழித்து, நான் பார்க்காதபோது, அதை அவளே சாப்பிட்டுவிட்டாள்.