முதல் பாகம் மாதிரி வராது

உலகத்தில் எது இரண்டாம் முறை பிறந்தாலும், அதன் தொட்டிலருகே நின்று முகம் சுளிப்பதற்கென்றே ஓர் இனம் உண்டு. முதல் பாகத்தார் என்று அவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். இரண்டாவது பிள்ளையைப் பார்க்கப் போனால் மூத்ததின் மூக்கைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து முதல் பந்தியின் சாம்பாருக்காக ஏங்குவார்கள். புது பஸ்ஸில் ஏறி, வழியில் நின்று நின்று போன பழைய பஸ்ஸின் புகழ் பாடுவார்கள். பழைய பஸ்ஸைத் தள்ளியவர்களில் அவர்களும் உண்டு என்பதை நீங்கள் நினைவூட்டக் கூடாது. மரியாதை இல்லை.

இவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? எளிது. எதையும் நேராகத் திட்டமாட்டார்கள். முதலில் "கொள்ளாம்" என்பார்கள். மலையாளத்திலிருந்து நம் மலைக்காரர்கள் இரவல் வாங்கிய சொல். பரவாயில்லை என்று பொருள். பிறகு ஒரு சிட்டிகை மூக்குப்பொடி. பிறகு "ஆனா..." அந்த "ஆனா"வுக்குப் பிறகு பிழைத்த படைப்பு கிடையாது.

சூரியநெல்லிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஸ்டோர் கிளார்க்காக இருந்த சுவக்கீன் இந்த இனத்தின் திலகம். தோட்டத்தின் ஆண்டுவிழாவில் எந்த நாடகம் ஏறலாம் என்று விழாக் கமிட்டிக்குச் சொல்பவர் அவர்தான். ஏன் அவர்? அவரிடம் மூக்குக் கண்ணாடி இருந்தது. வேறு காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

1975 விழாவில் ஃபாக்டரித் தொழிலாளி பொன்ராஜ் 'சருகுக் கள்ளன்' என்று ஒரு நாடகம் போட்டான். நாடகம் பாதி, விளையாட்டு பாதி. மேடை முழுக்கக் கவாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகளின் காய்ந்த சருகு. நடுவே கண்ணைக் கட்டிக்கொண்டு காவல்காரன். கள்ளன் சருகின் மேல் நடந்துபோய் ராஜாவின் மோதிரத்தை எடுத்து வரவேண்டும். சத்தம் கேட்டால் காவல்காரன் பாய்வான். ஆனால் ஒரே ஒரு பாய்ச்சல்தான் அவனுக்கு. யாரைப் பிடிக்கிறானோ அவனே கள்ளன், அத்தோடு ஆட்டம் முடிந்தது. பார்க்கிறவர்கள் மூச்சையும் இருமலையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கள்ளனாக வந்த பொன்ராஜின் கையில், ஆளை மறைக்கும் மந்திரத் தாயத்து ஒன்று. அவன் மோதிரத்தோடு திரும்பியதும் சனம் கைதட்டியது. யாருக்கு? தாயத்துக்கு. கண் கட்டப்பட்டவனுக்கு ஆள் தெரியாமல் போனதற்குத் தாயத்தைக் கும்பிட்ட நாடு இது. நாம் எங்கே உருப்பட?

அன்று சுவக்கீன் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "கொள்ளாம். ஆனா இது ஒரு நாடகமாடே? வசனமே இல்ல. போன வருஷத்துப் புராணம் மாதிரி வராது."

மறு வருடம் பொன்ராஜ் இரண்டாம் பாகத்தோடு வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கமிட்டிக்கு ஒத்திகை காட்டினான். நானும் போயிருந்தேன். சுவக்கீன் முன் பெஞ்சில் சாய்ந்திருந்தார்.

"தாயத்து எங்கடே?"

"இந்தத் தடவை தாயத்து இல்ல அண்ணாச்சி."

"தாயத்து இல்லாட்டா காவக்காரன் கண்ணுக்கு எப்படித் தெரியாம இருக்கும்?"

"அவன் கண்ணத்தான் கட்டியிருக்கோம்லா?"

"அது வேற, இது வேற." பொடியை இழுத்துக்கொண்டார். "சரி, கள்ளன் யாரு?"

கொழுந்து பறிக்கும் சந்தனமேரி முன்னால் வந்து நின்றாள்.

"பொம்பளப் புள்ளையா கள்ளன்?"

"கள்ளன் இல்ல அண்ணாச்சி, தாய்," என்றான் பொன்ராஜ். "தேயிலக் காட்டுல கொழுந்து எடுக்கா. புள்ள அங்கிட்டுத் தொட்டில்ல கிடந்து அழுது. நடுவுல கங்காணி. அவனுக்குத் தெரியாமப் போயிப் புள்ளையத் தூக்கிட்டு வரணும்."

"தாய் எதுக்குடே ஒளிஞ்சு போகணும்?"

"அதத்தான அண்ணாச்சி நாங்களும் கேக்கோம்?" என்றாள் சந்தனமேரி.

மூன்று வருடமாக அவள் நிஜமாகவே அப்படித்தான் போய் வந்துகொண்டிருக்கிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும். கங்காணி கண்டால் அன்றைக்குப் பேரை அடித்துக் கூலியை வெட்டிவிடுவார்.

சுவக்கீன் கண்ணாடியைத் துடைத்தார். "ராஜா இல்ல, மோதிரம் இல்ல, தாயத்தும் இல்ல. தோட்டத்துத் துரை பார்த்தா என்ன நெனப்பாரு? பேசாம முதல் பாகத்தையே போடுங்க. நீ திரையை இழு, புள்ள."

"ஒருக்க நடந்து காட்டுதேன் அண்ணாச்சி. கங்காணி கையில ஆப்புட்டா நீங்க சொன்னபடி."

"சரி. ஆனா முதல் பாகத்து விதி ஒண்ணுகூட மாறப்படாது. சொல்லிட்டேன்."

கங்காணியாக வந்த ராக்கப்பன் கண்ணைக் கட்டிக்கொண்டான். சந்தனமேரி நடந்தாள். பாதத்தைச் சருகின் மேல் வைக்கவில்லை. ஓரமாக நுழைத்துச் சருகைத் தூக்கி, தரையில் ஊன்றினாள். தொட்டிலில் துணிப் பொம்மை. அதன் இடுப்பில் சின்ன மணி. விரலை விட்டு மணியின் நாக்கைப் பிடித்தபடியே பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள். திரும்பினாள். ராக்கப்பன் காதைச் சாய்த்து நின்றான். இன்னும் நான்கு அடி. மூன்று. ஒரு காம்பு மெல்ல முறிந்தது. ராக்கப்பன் முழங்காலை மடக்கிப் பாயத் தயாரானான். அவள் ஒரு காலைத் தூக்கியபடி கல்லாய் நின்றாள்.

அந்த மௌனத்தில் சுவக்கீன் என் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்:

"முதல் பாகத்துல இந்த எடம்..."

பாய்ந்தான் ராக்கப்பன். பெஞ்சு சரிந்தது, பொடி டப்பி பறந்தது, மூக்குக் கண்ணாடி காதில் தொங்கியது. கிளார்க்கின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவன் கத்தினான்: "ஆப்புட்டாண்டா கள்ளன்!"

"விடுல! நான்டா, சுவக்கீன்!"

"யாரப் பிடிச்சாலும் கள்ளந்தான் அண்ணாச்சி," என்றான் பொன்ராஜ். "முதல் பாகத்து விதி."

அந்தப் பக்கம் நின்ற சந்தனமேரி மணியின் நாக்கை விட்டாள். கிணிங் என்றது. கமிட்டிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்த வாயால் வேண்டாம் என்று சொல்வது கடினம். இரண்டாம் பாகம் மேடை ஏறியது. துரை முன் வரிசையில் இருந்தார். இந்த முறை கைதட்டல் பாதத்துக்கு. கங்காணிகள் மட்டும் தட்டவில்லை; ஆனாலும் அடுத்த நாளிலிருந்து பத்து மணிக்குத் தாய்மார்கள் பிள்ளைகளிடம் போனபோது அவர்கள் மலையின் அழகை ரசிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

சுவக்கீன் திருந்தினாரா? 1977-இல் பொன்ராஜ் மூன்றாம் பாகம் எழுதிக் காட்டினான். அவர் பொறுமையாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "கொள்ளாம். ஆனா ரெண்டாம் பாகம் மாதிரி வராது. சந்தனமேரி நடந்தா பாரு, அடடா!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதைப் படித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம், "இவர் போன தடவை எழுதினது இன்னும் நல்லா இருந்துச்சு" என்று சொல்ல உங்கள் நாக்கு துடிக்குமானால், கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். ராக்கப்பன் காதைச் சாய்த்துக்கொண்டுதான் நிற்கிறான்.