நான்கு குச்சிகளும் ஒரு குன்றும்

மலையேறும் குச்சியின் கைப்பட்டைக்குள் மாட்டிய கை வெளியே வரமாட்டேன் என்றது. போலாரம் ஊரைத் தாண்டியிருந்த பாறைக் குன்றின் அடிவாரத்திலேயே அனந்தராமனுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

திங்கட்கிழமை பதவி உயர்வு இன்டர்வியூ. விண்ணப்பத்தில் 'பொழுதுபோக்கு' என்ற கட்டம் காலியாகக் கிடக்கிறதே என்று 'மலையேற்றம்' என எழுதித் தொலைத்திருந்தார். அவர் ஏறியதெல்லாம் திருமுல்கேரி வீட்டு மொட்டைமாடிதான். புதிய ஜெனரல் மானேஜர் சக்ரபாணி அதைப் படித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை சேர்ந்தே ஏறலாமே" என்று சொல்லிவிட்டார்.

சக்ரபாணி ஜெர்மனியில் ட்ரெய்னிங் எடுத்தவர். ஆல்ப்ஸ் மலையே ஏறியவர் என்று ஆபீசில் பேச்சு. அங்கிருந்து கொண்டுவந்த மலையேறும் குச்சிகளில் ஒரு ஜோடியை நீட்டி, "நீங்க முன்னால போங்க" என்றார்.

ஏன் முன்னால்? பின்னாலிருந்து மார்க் போடவா?

ஒருவழியாகக் கை வந்தது. இனிக் குச்சி நழுவக்கூடாதென்று பட்டையை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். திரும்பிப் பார்த்தால், சக்ரபாணியும் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

கேலி பண்ணுகிறார்!

சரிவு கூடியது. குச்சி நீளமாக இருந்தால் பிடிமானம் கிடைக்குமென்று திருகி முழுசாக நீட்டினார். கைகள் இரண்டும் தோளுக்கு மேலே போய்விட்டன. பின்னால் சக்ரபாணியும் கைதூக்கி வந்துகொண்டிருந்தார்.

"சார், காத்து பலமா இருக்கு. அதான்..."

"ம்" என்றார் சக்ரபாணி.

பதற்றத்தில் குச்சியைப் பாறை இடுக்கில் குத்தினார். அது சிக்கிக்கொண்டது. பட்டை மணிக்கட்டை வெடுக்கென்று பின்னுக்கு இழுக்க, அனந்தராமன் தொப்பென்று உட்கார்ந்தார். சக்ரபாணி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தாமும் மெல்ல உட்கார்ந்தார்.

போச்சு. பதவி உயர்வு போச்சு. இருக்கிற வேலையாவது மிஞ்சுமா?

சோர்ந்துபோய் எழுந்து, சிக்கிய குச்சியை உருவிச் சுற்றை அவிழ்த்தார். பட்டைக்குள் கீழிருந்து கையை விட்டு, பட்டையோடு சேர்த்துப் பிடியைப் பற்றினார். முழங்கை மடங்கும் அளவுக்குக் குச்சியைக் குறுக்கினார். இடது காலோடு வலது குச்சி, வலது காலோடு இடது குச்சி. அட, உடம்பு தானாக ஏறியது! இறங்கும்போது குச்சியைக் கொஞ்சம் நீட்டி, காலுக்கு முன்னால் ஊன்றினார். முட்டிவலியே தெரியவில்லை. ஆனால் பின்னால் அதே தாளத்தில் கேட்ட 'டக், டக்' ஒவ்வொன்றும் அவர் நெஞ்சில்தான் குத்தியது.

அடிவாரம் வந்ததும் உண்மையைக் கக்கிவிடத் துணிந்தார்.

"சார், ஒரு விஷயம் சொல்லணும். அந்த விண்ணப்பத்துல..."

"திங்கட்கிழமை பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சக்ரபாணி காருக்குள் குனிந்து ஏதோ முணுமுணுத்துவிட்டு, முகம் கழுவக் குழாயடிக்கு விடுவிடுவென்று போய்விட்டார்.

காரில் காத்திருந்த சக்ரபாணியின் மனைவி கல்பகம், பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அனந்தராமன் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"மேடம், நான் எதைப் பண்ணினாலும் சாரும் அதையே பண்ணிக் காமிச்சார். என்னைக் கேலி பண்றாருன்னு புரியறது. இன்டர்வியூக்கு வரட்டுமா, வேண்டாமா?"

"கேலியா? நன்னாயிருக்கே! பரிசா வந்த குச்சியைப் பிடிக்கக்கூடத் தெரியாம, 'அனந்தராமன் என்ன பண்றாரோ அதையே பண்ணிடறேன்'னு பயந்துண்டே ஏறினார். நடுவுல உக்காந்தேளாமே, அது எத்தனை அடிக்கு ஒருதரம் உக்காரணும்னு உங்களண்டை ஜாடையா கேட்டுவெக்கச் சொல்லிட்டுப் போயிருக்கார்!"