மூணாவது போண்டா

முப்பது டன் கன்டெய்னரைப் பூ மாதிரி இறக்கி வெச்ச ஆளு, சின்ன மாத்திரையைப் பார்த்து நடுங்குவாரு. அப்படி ஒருத்தரை ராயபுரத்துல மட்டும்தான் பார்த்தேன்.

டன்னு அண்ணன். சொந்தப் பேரு ரேஷன் கார்டுல இருக்கும். ஹார்பர்ல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. எதைப் பார்த்தாலும் எடை சொல்லுவாரு. கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளைக்குக் கை குடுத்துட்டு, "ரெண்டும் சேர்ந்து நூத்தி முப்பது"ன்னுவாரு. அதுக்குப் பயந்தே பத்திரிகை வைக்காதவங்க உண்டு.

அவருக்கு பிரஷர். தினம் ஒரு மாத்திரை. முழுங்க பயம். அதனால காலையில மூணு குட்டி போண்டா வாங்குவாரு. ஒண்ணுல மாத்திரையைச் சொருகுவாரு. கண்ணை மூடிகினு தட்டைச் சுத்துவாரு. அப்புறம் மூணையும் மெல்லாம உள்ள தள்ளுவாரு.

"எதுல கீதுன்னு எனக்கே தெரியக் கூடாது. தெரிஞ்சா தொண்டை மூடிக்கும்."

நான் எதிர் வூட்டுக்காரன், ஆட்டோ ஓட்டுறவன். ஒரு நாள் வண்டி தொடைச்சுகினு இருந்தேன். வாசல்ல உட்கார்ந்து அண்ணன் ரெண்டு போண்டா முடிச்சாரு. மூணாவதை அவரோட நாய் மேஸ்திரி தட்டுலேர்ந்து லவட்டி முழுங்கிடுச்சு.

அண்ணன் எழுந்து நின்னாரு. "தம்பி, மாத்திரை என் வவுத்துல கீதா, அது வவுத்துல கீதா?"

"எனக்கு எப்டிண்ணா தெரியும்? நீதானே சுத்துன."

பக்கத்து வூட்டு சகாயம் சொம்புல உப்புத் தண்ணி கரைச்சுகினு வந்தாரு. "ஊத்து. வாந்தி எடுத்துடும்."

நான் தண்டையார்பேட்டை நாய் டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். வாயில எதுவும் ஊத்தாதீங்க, மாத்திரை அட்டையை எடுத்துகினு உடனே வாங்கன்னாங்க.

"ஒரே மாத்திரைக்கா இவ்ளோ பேஜாரு?" சகாயம் சொம்போட நின்னாரு. நாங்க கிளம்பிட்டோம்.

டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தாங்க. "நாய் எவ்ளோ எடை?"

"பதினாலு கிலோ."

மெஷின்ல ஏத்தினாங்க. பதினாலு. அவரை ஒரு பார்வை பார்த்தாங்க.

"உங்க உடம்புக்குக் குடுத்த மாத்திரையை இது தாங்காது. பிரஷர் இறங்கி சுருண்டு விழுந்துடும்."

"நானே தின்னிருந்தாலும் தின்னிருப்பேம்மா."

"தெரியலன்னா நாய் தின்னதாதான் வெச்சுக்கணும். நேரம் போனா வெளிய எடுக்க முடியாது."

ஊசி போட்டாங்க. கொஞ்ச நேரத்துல மேஸ்திரி தட்டுல வாந்தி எடுத்துச்சு. மூணு பேரும் குனிஞ்சு பார்த்தோம். உருளைக்கிழங்கு. கடுகு. அப்புறம் ஓரம் கரைஞ்ச வெள்ளை மாத்திரை.

"அப்ப நான் போடல," அண்ணன் சொன்னாரு.

"இப்ப போடுங்க. எனக்கு எதிர்ல."

அட்டையிலேர்ந்து புதுசா ஒண்ணை எடுத்து, நாயைப் பார்த்துகினே தண்ணியோட முழுங்கினாரு. தொண்டை மூடிக்கல.

மருந்து கொஞ்சம் நாய்க்கு உள்ள இறங்கியிருக்கும், இதயத் துடிப்பைப் பார்த்துதான் அனுப்புவேன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ட்ரிப்ஸ் ஏறிச்சு. மத்தியானம் வரைக்கும் அண்ணன் மேஸ்திரி நெஞ்சுமேல கை வெச்சுகினு நின்னாரு. எத்தனையோ பேர் நாயும் பூனையும் தூக்கிகினு வந்தாங்க. ஒண்ணுத்துக்கும் எடை சொல்லல.

மூணு மணிக்கு, இனிமே பயமில்லன்னு அனுப்பினாங்க. ஆட்டோவுல மேஸ்திரி அவரு மடியில தூங்கிடுச்சு. வூட்டு வாசல்ல நிறுத்தினேன். அவரு இறங்கல.

"இப்பதான் கண்ணு அசந்துச்சு. எழுந்துடப் போவுது."

நான் இன்ஜினை அணைக்கல. காசிமேடு வரைக்கும் மெதுவா ஒரு சுத்து போனேன்.