பாட்டு பிளேயர் மீது நான் கொடுத்த புகார்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு உங்கள் அத்தை நலம். நானும் நலம்தான், ஆனால் வெளியே தலைகாட்ட வெட்கமாக இருப்பதால் அந்த நலத்தை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அங்கு நீங்களும் என் மகளும் சௌக்கியமா என்று கேட்கவும் கை கூசுகிறது.

போன விடுமுறையில் வந்தபோது என் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டு, பாட்டு பிளேயர் ஒன்றும் வைத்துக் கொடுத்தீர்கள். உங்கள் அத்தை முன்னறையில் பெண்களுக்கு நடத்தும் உடற்பயிற்சி வகுப்புக்கு அதில்தான் பாட்டு போடுகிறேன். காலையில் நன்றாகப் பாடும். மதியத்துக்குள் மெஷின் முனக ஆரம்பிக்கும். சாயங்கால வகுப்பில் அப்படியே உறைந்துவிடும். ஒரு நாள் எல்லோரும் ஒற்றைக் காலைத் தூக்கிய நேரத்தில் பாட்டு நின்றது. காலை இறக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "இந்த ஒரு வேலையையாவது உருப்படியா செய்யக் கூடாதா?" என்று உங்கள் அத்தை அவர்கள் முன்னாலேயே கேட்டுவிட்டாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இணையத்தில் தேடினேன். வாங்கிய மெமரியைத் திருப்பித் தராமல் ஒரு மென்பொருள் அமுக்கிக்கொண்டே போனால் அதற்கு மெமரி லீக் என்று பெயராம். ஆசாமியைப் பிடித்துவிட்டேன் என்ற நினைப்பில், அந்த பிளேயரின் புகார்ப் பக்கத்தில் 'பொறுமைசாலி' என்ற பெயரில் ஊரறிய எழுதினேன். அதோடு விட்டேனா? "எழுதியவரைச் சொல்லிக் குற்றமில்லை, இப்படிப் பொறுப்பில்லாமல் வளர்த்துவிட்ட பெற்றோரைச் சொல்ல வேண்டும்" என்றும் சேர்த்தேன். பிளேயரை எழுதியவர் பெயர் 'எறும்பு' என்று மட்டும் இருந்தது. அந்த எறும்பு நீங்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் கோபப்படவில்லை. "சிரமத்துக்கு மன்னிக்கவும் ஐயா, ஓடுகிற புரோகிராம்களின் பட்டியலை எடுத்து அனுப்புங்கள்" என்று, அதற்கு அடிக்க வேண்டிய கமாண்டையும் எழுதிக் கொடுத்தீர்கள். அடித்தேன். பிளேயரின் பெயர் வரிக்கு வரி வந்தது. அச்சகத்தில் காலம் முழுவதும் பிழை திருத்திய கை சும்மா இருக்குமா? ஒரே வரி இத்தனை தடவை வந்திருக்கிறதே, கம்போஸ் செய்தவன் தூங்கிவிட்டான் போலிருக்கிறது என்று, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்துவிட்டு, சுத்தமான பிரதியாக அனுப்பினேன். அந்த ஒற்றை வரியை நம்பி நீங்கள் லீவு போட்டு, இல்லாத ஓட்டையைத் தேடியிருக்கிறீர்கள். பிளேயரின் புது வெளியீட்டையும் நிறுத்தி வைத்தீர்கள். நான் வேறு தினமும் "இன்னுமா கண்டுபிடிக்கவில்லை?" என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

கடைசியில், "திருத்தாமல் அப்படியே அனுப்ப முடியுமா ஐயா?" என்றீர்கள். அனுப்பினேன், குட்டு வெளிப்பட்டது. மூடப் போனால் அந்த பிளேயர் "நிச்சயமாக மூட வேண்டுமா?" என்று கேட்கும். ஒரு வேலையைச் சொன்ன பிறகு என்னைத் திருப்பிக் கேட்பது எனக்குப் பிடிக்காது. அதனால் நான் மூடுவதே இல்லை. அதன் சத்தத்தை முழுக்கக் குறைத்து ஓரமாக ஒதுக்கிவிட்டு, அடுத்த பாட்டுக்குப் புதிதாக இன்னொன்றைத் திறப்பேன். வாயடைத்த பிளேயர்கள் ஒரு பட்டாளமே உள்ளே பாடிக்கொண்டிருந்திருக்கின்றன. மெமரியை அமுக்கியது நான்தான் மாப்பிள்ளை.

மறுநாளே, "இனி இந்த பிளேயரை நான் கவனிக்கப் போவதில்லை" என்று எறும்பின் அறிவிப்பு வந்தது. சாயங்காலம் என் மகள் போன் செய்தாள். திருத்தாமல் அனுப்பிய பட்டியலில் என் பெயர் போட்ட பாட்டு ஃபோல்டர் இருந்ததாம். "பொறுமைசாலி நீங்கதானாப்பா? அந்த பிளேயர் எங்க வீட்ல எழுதினதுப்பா" என்றாள். இந்தத் தடவை விடுமுறைக்கு வரவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்களைச் சொன்னதைவிட என் சம்பந்திகளைச் சொன்னதுதான் நெஞ்சை அறுக்கிறது. தங்கமான மனிதர்கள். அவர்கள் வீட்டு வாசலுக்கே வந்து மன்னிப்புக் கேட்கத் தயார். புகார்ப் பக்கத்திலும் என் சொந்தப் பெயரில் எழுதிவிடுகிறேன். நீங்கள் அந்த வேலையை விட்டுவிடக் கூடாது. என் மகளை அழைத்துக்கொண்டு வர வேண்டும். நோய்நொடி இல்லாமல் நீங்கள் இருவரும் வாழ, நீங்கள் எழுதியதெல்லாம் உறையாமல் ஓட, மனதார வாழ்த்துகிறேன்.

தலைகுனிந்து,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் முன் இதை உங்கள் அத்தையிடம் படித்துக் காட்டினேன். "மாப்பிள்ளைக்குப் பிரிண்டர்ல பேப்பர் வைக்கவே நம்ம பொண்ணுதான் வரணும். பிளேயர் எழுதினது அவ. அன்னிக்கு நாள் பூரா உக்காந்து லினக்ஸ் போட்டதும் அவதான். அவரு பக்கத்துல டீ குடிச்சிட்டு இருந்தாரு. நீங்க அவரையே பாத்துப் பேசிக்கிட்டு இருந்தீங்க" என்றாள். யோசித்துப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு எதுவும் உங்களுக்கு உரியதல்ல. உங்கள் பெற்றோரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவளுக்குத் தனியாக எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள மகளுக்கு' என்பதைத் தாண்டி ஒரு வரி ஓடவில்லை. அவளிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும் மாப்பிள்ளை.