லேப்டாப் வேண்டாம் என்று குவைத் மச்சானுக்கு எழுதியது

இலுப்பூர்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் அருள்மணி அவர்களுக்கு, உரக்கடை உடையப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், உங்கள் தங்கை பரிமளா, மகள் பிரகதீஸ்வரி மூவரும் சுகம் என்று எழுதுவது முறை, ஆகையால் எழுதியிருக்கிறேன். குவைத்தில் வெயிலும் மேனேஜரும் உங்களிடம் தயவாக நடந்துகொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். என் போனை என்னைவிட உங்கள் தங்கைதான் அதிகம் பார்க்கிறாள். உங்கள் கம்பெனியில் வேலை பார்க்கும் கோட்டைப்பட்டினத்துக்காரர் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

விஷயம் இதுதான். சித்திரையில் வரும்போது பிரகதிக்கு லேப்டாப் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். தயவுசெய்து வாங்க வேண்டாம்.

படிப்பு முடித்ததும் பிள்ளை கடையில் எனக்கு ஒத்தாசையாக இருக்கும் என்று நான் நினைத்திருக்க, அவள் கேம் செய்யப்போகிறேன் என்றாள். விளையாடினால் கெட்டுப்போவாய் என்று இருபது வருஷமாகச் சொல்லிவந்தவன் நான். விளையாட்டைச் செய்தால் என்ன ஆவாய் என்பதற்கு என்னிடம் வசனம் கிடையாது. பெங்களூரில் ஒரு கம்பெனி, நீயாக ஒரு கேம் செய்து காட்டு, பிடித்திருந்தால் வேலை என்று சொல்லிவிட்டதாம். அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும். லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்று வீட்டில் பேச்சு கிளம்பியது. பரிமளா லேப்டாப் கட்சி. "எங்கண்ணன் கொண்டாரும். புள்ள எங்க போனாலும் பையில போட்டுக்கிட்டுப் போயிரலாம்" என்றாள். எங்க போனாலும் என்றாள் பாருங்கள், அந்த இடத்தில்தான் நான் உஷாரானேன். மறுநாளே புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறி, எழிலரசன் என்ற தம்பி வைத்திருக்கும் கம்ப்யூட்டர் கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தம்பி நல்ல பிள்ளை. "கேம் செய்யிறவங்களுக்கு டெஸ்க்டாப்தாங்க சரி. லேப்டாப்பு சீக்கிரம் சூடாயிரும். இதுல ஸ்கிரீனு பெருசு, பின்னாடி ராம் மெமரி கூட்டிக்கலாம், ஒரு பார்ட் போனா அத மட்டும் மாத்திக்கலாம்" என்று அரைமணி நேரம் விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் ஒரே கேள்விதான் கேட்டேன்.

"இத நெனச்ச எடத்துக்குத் தூக்கிட்டுப் போக முடியுமா?"

"அதெல்லாம் முடியாதுங்க."

"அப்ப அதையே போடுங்க."

பெட்டி வந்து இறங்கியது. கடையில் மூட்டை தூக்கும் பிச்சைதான் உரமூட்டையைப் போல அதைத் தோளில் போட்டு நடுக்கூடத்தில் இறக்கினான். ஆன் செய்தால் பெட்டிக்குள் சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சுற்றிச் சுற்றி லைட் எரிகிறது மச்சான். தெருவில் போன நாலு பேர், வீட்டில் என்ன விசேஷம் என்று உள்ளேயே வந்துவிட்டார்கள். பரிமளா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். வைத்த இடம் காற்றுப் போகிற ஓட்டை. ஃபேன் சுற்றியதும் குங்குமம் பறந்து வந்து என் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அது போகட்டும். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் நம் வீட்டில் கம்ப்யூட்டர் படுத்துக்கொள்கிறது. ஒருநாள் பிள்ளை காலையிலிருந்து செய்த வேலை அப்படியே போய்விட்டது. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலாம். அன்றைக்கே போய் யுபிஎஸ் வாங்கி வந்தேன். கரண்ட் போனால் அது கைக்குழந்தை மாதிரிக் கத்துகிறது. வீட்டை ஒட்டிய கடையில் யூரியா நிறுத்துக்கொண்டிருக்கும்போதே கத்தல் கேட்டால், போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடுகிறேன்.

இப்படியே இரண்டு மாதம் ஓடி, பிள்ளை கேமை முடித்துவிட்டாள். எப்படியோ வேலை வீட்டோடு முடிந்தது, நாம் ஜெயித்தோம் என்று இருந்தேன். போன வாரம் கம்பெனியிலிருந்து தகவல் வருகிறது: திருச்சியில் ஒரு காலேஜுக்கு நாங்கள் வருகிறோம், அவரவர் கம்ப்யூட்டரோடு வந்து கேமைப் போட்டுக் காட்ட வேண்டும். உங்கள் தங்கை என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "லேப்டாப்பா இருந்தா..." என்று ஆரம்பித்தாள். "நான் தூக்கிட்டு வாரேன்டி" என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல முடியும்?

திருச்சி பஸ்ஸில் ஸ்கிரீன் என் மடியில், பெட்டி பிச்சை மடியில், யுபிஎஸ் காலடியில். பிள்ளை கீபோர்டைக் கட்டிக்கொண்டு முன் சீட்டில். கண்டக்டர் வந்து நின்று எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வீடு மாத்துறீங்களாண்ணே?"

"இல்லங்க, பரீட்சைக்குப் போறோம்."

"யாருக்குப் பரீட்சை?"

டிக்கெட்டுக்குக் காசை நீட்டினேன். விராலிமலை தாண்டியதும் ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப்போட, பிச்சையின் கால் யுபிஎஸ் பட்டனில் பட்டுவிட்டது. கீ, கீ என்று கத்த ஆரம்பித்தது. "டிரைவர், வண்டிய நிப்பாட்டுங்க, குண்டு!" என்று பின்னாலிருந்து ஒரு அம்மாள் அலற, மொத்தப் பஸ்ஸும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றது. நானும் பிச்சையும் மட்டும் உள்ளே. ஓடலாம் என்றால் மடியில் ஸ்கிரீன். பிள்ளை திரும்பி ஏறி வந்து பட்டனை அமுக்கி, கீழே இறங்கி ஒவ்வொருவராகக் கும்பிட்டு ஏற்றினாள். பேசத் தெரியாத பிள்ளை என்று நினைத்திருந்தேன் மச்சான்.

காலேஜில் மற்ற பிள்ளைகள் பையைத் திறந்தார்கள், சிலேட்டு மாதிரி ஒன்றை எடுத்தார்கள், முடிந்தது. நாங்கள் மூன்று பிளக் கேட்டு, ஒயரைத் தேடி, மேஜையை நகர்த்தினோம். ஆனால் ஸ்கிரீன் பெரிது அல்லவா, கூட்டம் எங்கள் பக்கம்தான். கேம் இதுதான்: ஒரு பெண் தோளில் பையோடு பஸ் பிடிக்க ஓட வேண்டும். மடித்துக்கட்டிய வேட்டியோடு ஒரு ஆள் குறுக்கே வந்து வந்து நிற்பான். "எங்க போற? யாரு கூட? எப்ப வருவ?" என்று கேட்பான். ஒவ்வொரு கேள்வியும் ஒரு உரமூட்டையாக வந்து பாதையில் விழும். கம்பெனி மேடம் ஒருவர், பெயர் தேவிப்ரியா, நான் யார் என்று தெரியாமல், "பெரியவங்களுக்கும் புரியுதான்னு பாப்போம், நீங்க வெளையாடுங்க சார்" என்று என்னை உட்காரவைத்துவிட்டார்.

ஏழு தடவை விளையாடினேன். ஏழு தடவையும் அவன் மறித்துவிட்டான். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "என்ன மனுசன்யா இவன், புள்ளைக்கி வழிய விட மாட்டேங்குறானே!" என்று கத்திவிட்டேன். ஹாலே சிரித்தது. பிச்சை மட்டும் சிரிக்கவில்லை, அவன் என் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டாவது தடவை மூட்டை மேல் மூட்டையாகத் தாண்டி, பஸ் நகரும்போது பிள்ளையை ஏற்றிவிட்டேன். எழுந்து நின்று கை தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த ஆள் யார் என்று எனக்குப் புரிந்தது. தட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏன் ஆத்தா, பஸ்ஸு போனப்பறம் அந்த ஆளு என்ன ஆவான்?"

"டாட்டா காட்டுவாருப்பா. பஸ்ஸு மறையிற வரைக்கும் நிப்பாரு. நீங்கதான் அதுக்குள்ள எந்திரிச்சிட்டீங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜன்னலை மறைத்துக்கொண்டு ஸ்கிரீன்தான் இருந்தது.

நேற்று வேலை உத்தரவு வந்துவிட்டது. ஒன்றாம் தேதி பெங்களூரில் சேர வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இதையெல்லாம் படித்து என் மனசு இளகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். லேப்டாப் இல்லாவிட்டால் எப்படிப் போவாள்? குவைத்தில் லேப்டாப் ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்று பரிமளாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டால், காலமெல்லாம் மறக்கமாட்டேன். அரசமலைப் பக்கம் உங்கள் வயலை வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடவும். ஆண்டவன் உங்களுக்குக் குறைவில்லாத ஆயுளும் குறைகிற சர்க்கரையும் தரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனர்,
பா. உடையப்பன்.

பி.கு: இன்று வியாழன். கடிதத்தை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. கம்பெனியே லேப்டாப் கொடுக்கிறதாம். அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? பிள்ளைக்கு டிக்கெட் நான்தான் போட்டேன், ஜன்னல் சீட். ஆகவே மேலே எழுதியதில் உங்கள் சர்க்கரையைத் தவிர மற்றதை அடித்துவிட்டுப் படிக்கவும். லேப்டாப் அவசியம் வாங்கி வரவும். எனக்குத்தான். கடை ஸ்டாக்கை எங்கிருந்தும் அதிலேயே பார்க்கலாம் என்கிறார்கள். எடை குறைவானதாகப் பாருங்கள். மாதம் இரண்டு தடவை பெங்களூர் போய்வர வேண்டியிருக்கும். இதைப் பிரகதியிடம் இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.